நீலப் புள்ளிக்கு வயசு எத்தனை?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். ஆனா புரோகிராமிங் தெரியாதவங்களும் தாராளமா கூட வரலாம். ஏன்னா நாம எல்லாரும் தினமும் பார்க்கிற ஒண்ணைப் பத்திதான் பேசப் போறேன். மேப்ல தெரியுற அந்த நீலப் புள்ளி.

கேப் புக் பண்ணினா ஒரு குட்டி கார் நகருது. பிரியாணி ஆர்டர் பண்ணினா ஒரு குட்டி பைக் நகருது. பக்கத்துல "லைவ்"னு எழுதியிருக்கும். சரி, அந்த லைவ் எவ்வளவு லைவ்? இப்ப இந்த நொடி அந்த பைக் அங்கதான் இருக்கா, இல்ல ஒரு நிமிஷம் முன்னாடி அங்க இருந்துச்சா? புள்ளியைப் பார்த்தா தெரியாது. பழைய புள்ளியும் புதுப் புள்ளியும் ஒரே நீலம்தான்.

நான் சில வருஷமா பார்க்கிற வேலை இதுதான். ஜி.பி.எஸ். ரிசீவர்ல இருந்து வர்ற டேட்டாவை வாசிச்சு, சரிபார்த்து, மேப்புக்கு எடுத்துக் கொடுக்கிற புரோகிராம் எழுதுறது. ஆப்ல இந்தப் பகுதிக்கு ஸ்கிரீனே கிடையாது. ஒழுங்கா ஓடுற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாது.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைத் தள்ளி வெச்சிடலாம். "சேட்டிலைட் நம்மளைப் பார்த்துட்டே இருக்கு"ன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்லீங்க. ஜி.பி.எஸ். சேட்டிலைட்டுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அது ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. "நான் இன்னார், இப்ப மணி இவ்வளவு, நான் இருக்கிற இடம் இது" அப்படின்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. தரையில இருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல, முப்பது சொச்சம் சேட்டிலைட்டுகள் இப்படிப் பேசிட்டே சுத்துது. கேட்கிறதும் கணக்குப் போடுறதும் உங்க போன்ல இருக்கிற ரிசீவர்.

கணக்கு என்னன்னா, சிக்னல் கிளம்பின நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? ஒளியோட வேகத்தால பெருக்கினா தூரம். சேட்டிலைட் தலைக்கு நேர் மேல இருந்தா சுமார் 67 மில்லி செகண்ட். இதுல ஒரு மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பினா, தூரம் 300 மீட்டர் தப்பிடும். சேட்டிலைட்ல அணுக் கடிகாரம் இருக்கு, பிரச்னை இல்ல. நம்ம போன்ல இருக்கிறது சாதாரணக் கடிகாரம். அதனால ரிசீவர் நீளம், அகலம், உயரம்ங்கிற மூணோட சேர்த்து, "என் கடிகாரம் எவ்வளவு தப்பு"ங்கிறதையும் நாலாவது விடையா கண்டுபிடிக்குது. நாலு விடைக்கு நாலு சமன்பாடு வேணும். அதான் குறைஞ்சது நாலு சேட்டிலைட் வேணும்னு சொல்றது. அடிப்படையில ஜி.பி.எஸ். ஒரு கடிகாரம். இடம்ங்கிறது அதுல இருந்து கிடைக்கிற துணை விளைவுன்னே நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு. ஒவ்வொரு சேட்டிலைட்டும் தன்னோட பாதை விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்துல அனுப்புது. பழைய டயல்-அப் இன்டர்நெட்டே இதுக்கு ராக்கெட். அந்த விவரம் முழுசா வந்து சேர 30 நொடி ஆகும். நம்ம போன்ல ரெண்டு மூணு நொடியில புள்ளி வந்துடுதேன்னு கேட்பீங்க. அது இந்த விவரத்தை மொபைல் நெட்வொர்க் வழியா குறுக்கு வழியில வாங்கிக்குது. டவர் இல்லாத இடத்துல, கடல்லயோ மலையிலயோ, அந்தக் குறுக்கு வழி கிடையாது. காத்திருக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரிசீவர் கணக்குப் போட்டு முடிச்சதும் அதை எப்படி வெளிய சொல்லும்?

எழுத்தா சொல்லும். நிஜமாவே வரி வரியா. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு சின்ன ரிசீவரை யூ.எஸ்.பி.ல லேப்டாப்போட சொருகி, சீரியல் போர்ட்டைத் திறந்து பார்த்தீங்கன்னா, நொடிக்கு ஒரு தடவை கொத்துக் கொத்தா வரிகள் ஓடும். இந்த வரிகளோட பேரு என்.எம்.இ.ஏ. 0183. அமெரிக்காவுல கப்பல் மின்னணுக் கருவி செய்யுறவங்களோட சங்கம் 1983ல போட்ட விதிமுறை. படகுல இருக்கிற ஆழமானி, திசைகாட்டி, ரேடார் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்க ஒரு பொது மொழி. நாற்பது வருஷம் தாண்டியும் இன்னைக்கு உங்க போன் சிப் வரைக்கும் இதே மொழிதான் பேசுது. எனக்கு இந்த மொழி ரொம்பப் பிடிக்கும். பைனரி கிடையாது, ரகசியம் கிடையாது. கண்ணால வாசிக்கலாம்.

ஒரு வரியைச் சொல்றேன், கேளுங்க:

டாலர் குறி, ஜி.என்.ஆர்.எம்.சி., 063015.00, ஏ, 1304.950, என், 08016.530, இ, 0.3, அப்புறம் திசை, 120624, கடைசியில ஒரு நட்சத்திரக் குறி, அதுக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து.

நடுவுல எல்லாம் கமா. இதுல ஜி.என்.னா, பல நாட்டு சேட்டிலைட்டுகளையும் கலந்து போட்ட கணக்குன்னு அர்த்தம். ஜி.பி.னு இருந்தா அமெரிக்க ஜி.பி.எஸ். மட்டும். ஆர்.எம்.சி.ங்கிறது வரியோட வகை: குறைஞ்சபட்சம் தேவையான தகவல். 063015ங்கிறது மணி, 6 மணி 30 நிமிஷம் 15 நொடி. ஆனா அது உலகப் பொது நேரம். நமக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும், அப்ப மதியம் 12 மணி 15 நொடி. 120624ங்கிறது 2024 ஜூன் 12. அடுத்து இருக்கிற அந்த ஒத்தை எழுத்து "ஏ" இருக்கே, அதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

1304.950, 08016.530. இதுதான் இடம். இங்கதான் புதுசா எழுதுறவங்க கால் இடறும்.

1304.950ன்னா 13.0495 டிகிரின்னு தோணும். இல்ல. முதல் ரெண்டு இலக்கம் டிகிரி, மிச்சம் நிமிஷம். 13 டிகிரி, 4.950 நிமிஷம். 60 நிமிஷம் ஒரு டிகிரி. அதனால 4.950ஐ 60ஆல வகுத்து 13ஓட கூட்டணும்: 13.0825. அதே மாதிரி இன்னொண்ணு 80 டிகிரி 16.530 நிமிஷம், அதாவது 80.2755. இந்த ரெண்டையும் மேப்ல போட்டா சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன். வகுக்காம அப்படியே புள்ளியைத் தள்ளி வெச்சு 13.0495, 80.1653ன்னு போட்டா? போரூர் பக்கம் போய் நிக்கும். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி.

இந்தத் தப்போட விஷமத்தனம் என்னன்னா, ஊருக்கு ஊர் அளவு மாறும். நிமிஷம் சின்ன எண்ணா இருக்கிற ஊர்ல தப்பும் சின்னதா இருக்கும். "ஜி.பி.எஸ்.னா கொஞ்சம் முன்னப் பின்னதான் இருக்கும்"னு விட்டுடலாம்னு தோணும். அதே புரோகிராமை பெங்களூருக்கு எடுத்துட்டுப் போங்க. 12 டிகிரி 58 நிமிஷம். நகரத்து நடுவுல இருக்கிற வண்டி சுமார் 50 கிலோமீட்டர் தென்மேற்கே, கனகபுரா பக்கம் போயிடும். அங்க வந்து கண்டுபிடிக்கிறது சுலபம். கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சின்னதா இருக்கிற ஊர்லதான் இது பல நாள் ஒளிஞ்சிருக்கும்.

வேகத்துலயும் ஒரு பொறி உண்டு. 0.3ன்னு வந்துச்சே, அது கிலோமீட்டர் இல்ல, நாட். கப்பல் மொழின்னு சொன்னேனே. 1.852ஆல பெருக்கணும்.

கடைசி ரெண்டு எழுத்து செக்சம். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் ஒண்ணோட ஒண்ணு எக்ஸ்-ஆர் பண்ணி வர்ற விடை. நாமளும் அதே கணக்கைப் போட்டு, விடை பொருந்தலைன்னா அந்த வரியையே தூக்கிப் போட்டுடணும். "எதுக்கு இவ்வளவு"ன்னு கேட்பாங்க. கம்ப்யூட்டர்ல 9ங்கிற எழுத்துக்கும் 8ங்கிற எழுத்துக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். டீசல் இன்ஜின் பக்கத்துல ஓடுற வயர்ல ஒரு பிட் புரண்டா, 09 டிகிரி 08 டிகிரி ஆகிடும். 110 கிலோமீட்டர் தெற்கே.

டீசல் இன்ஜின்னு சும்மா உதாரணத்துக்குச் சொல்லலை. நான் இருந்த ஒரு சின்ன டீம், மீன்பிடிப் படகுக்காக ஒரு திரை செஞ்சுது. ரிசீவர், ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, ஒரு டிஸ்பிளே, ஒரு பஸ்ஸர். வேலை ஒண்ணே ஒண்ணு: இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு காட்டணும், நெருங்கினா கத்தணும்.

பாக் நீரிணையில அந்தக் கோடு 1974 ஒப்பந்தத்துல வரையறுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976 ஒப்பந்தம். கோடுன்னா தண்ணி மேல ஒண்ணும் கிடையாது. 1974 ஒப்பந்தத்துல ஆறு புள்ளிகள் இருக்கு, அதை வரிசையா இணைச்சா எல்லை. அந்த ஆறையும் டிகிரி-நிமிஷத்துலதான் எழுதியிருக்காங்க. உதாரணமா ஆறாவது புள்ளி, 9 டிகிரி 6 நிமிஷம் வடக்கு, 79 டிகிரி 32 நிமிஷம் கிழக்கு. இப்ப அதே பொறியை இங்க வெச்சுப் பாருங்க. 79 டிகிரி 32 நிமிஷம்னா 79.533. யாராவது அவசரத்துல 79.32ன்னு டைப் அடிச்சா, எல்லை 23 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து ராமேஸ்வரத்துக்கு நேர் தெற்கே, நம்ம கடலுக்குள்ள வந்து நிக்கும். இந்தத் திசையில தப்பினா பரவாயில்ல, பஸ்ஸர் சும்மா கத்திட்டே இருக்கும், தெரிஞ்சிடும். எதிர்த் திசையில தப்பினா பஸ்ஸர் அமைதியா இருக்கும்.

இந்த இடத்துல ஒண்ணு நேராச் சொல்லிடணும். மீனவர்கள் எல்லை தாண்டுறதுக்கு ஜி.பி.எஸ். இல்லாததுதான் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விசைப்படகுல ஜி.பி.எஸ். வந்து எவ்வளவோ காலம் ஆச்சு. மீன் அந்தப் பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் இழுவை மடி போட்டு அரிச்ச கடல். அந்தப் பக்கம் வலை அறுபட்டு நிக்கிற வடமாகாண மீனவரும் தமிழர்தான். இது ஒரு ஆப் தீர்க்கிற விஷயமே இல்ல. ஆனா ராத்திரி, வலை தண்ணியில கிடக்குது, நீரோட்டம் படகைத் தள்ளிட்டே போகுது, இல்ல இன்ஜின் நின்னு போச்சு. அந்த மாதிரி நேரத்துல "எங்க இருக்கோம்"ங்கிறது சிறைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். அந்த அளவுக்குத்தான் எங்க கருவிக்கு வேலை.

முதல் மாடலை ஒரு படகு டிரைவர் கிட்ட காட்டினோம். அம்பது வயசு தாண்டினவர். டிஸ்பிளேவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கலர், எழுத்து அளவு, மொழி, இதைப் பத்தி ஏதாவது சொல்லுவார்னு காத்திருந்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இது இப்ப நான் இருக்கிற இடமா, செத்த முன்னாடி இருந்த இடமா?"

"இப்ப இருக்கிற இடம்தான் அண்ணே"ன்னு டீம்ல ஒருத்தர் சொன்னார்.

"அது எப்படி இதுக்குத் தெரியும்?"ன்னார்.

எனக்கு இந்தக் கேள்விதான் இந்த எபிசோடோட மையம். ஏன்னா பெரும்பாலான ஆப்களுக்கு அது தெரியாது. தெரிஞ்சுக்க முயற்சியே பண்றதில்ல.

டேட்டா எப்படிப் பழசாகுதுன்னு பார்க்கலாம். முதல் வழி, ரிசீவருக்கே சிக்னல் போயிடுறது. இப்ப அந்த "ஏ" எழுத்துக்குத் திரும்ப வரேன். ஏ இருந்தா கணக்கு சரி, நம்பலாம். நம்ப முடியலைன்னா அந்த இடத்துல "வி" வரும். சில ரிசீவர், வி போட்டுட்டு இடம் இருக்கிற கட்டத்தைக் காலியா விட்டுடும். சில ரிசீவர், வி போட்டுட்டு கடைசியாத் தெரிஞ்ச இடத்தையே திரும்பத் திரும்ப அனுப்பும். எண் பார்க்க அழகா இருக்கும், செக்சமும் பொருந்தும், நொடிக்கு ஒரு தடவை டாண்ணு வரும். அந்த ஒரு எழுத்தைப் பார்க்காத புரோகிராமுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கிற மாதிரியே இருக்கும். ஆனா படகு நகர்ந்துட்டு இருக்கும், புள்ளி நிக்கும்.

காலிக் கட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. காலியா வந்ததைச் சில புரோகிராம் பூஜ்யம்னு எடுத்துக்கும். பூஜ்யம் டிகிரி, பூஜ்யம் டிகிரி எங்க இருக்கு தெரியுமா? ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவுல, நடுக்கடல். மேப் வேலை பார்க்கிறவங்க அதுக்கு நல் ஐலண்ட்னு விளையாட்டா பேரு வெச்சிருக்காங்க. உலகம் பூரா இருக்கிற தொலைஞ்ச டேட்டா எல்லாம் அந்தத் தீவுலதான் குடியிருக்கு. தீவுதான் இல்ல.

ரெண்டாவது வழி இன்னும் நயமானது. ரிசீவர் ஒழுங்கா அனுப்புது, ஆனா நம்ம புரோகிராம் மெதுவா வாசிக்குது. நொடிக்கு ஒரு கொத்து வருது. நாம ஒவ்வொரு கொத்துக்கும் மேப் வரைஞ்சு, சர்வருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அடுத்ததை வாசிக்கிறோம்னு வெச்சுக்கோங்க. நெட்வொர்க் திணறுற நேரத்துல ஒரு சுத்துக்கு ஒன்றரை நொடி ஆகுது. மிச்ச வரிகள் எங்க போகும்? ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஒரு வாளியில சேரும். அந்த வாளி 4096 பைட்டுன்னு வெச்சா, 4800 பாட் வேகத்துல நொடிக்கு 480 எழுத்து, எட்டரை நொடி டேட்டா அதுல நிக்கும். நீங்க வாசிக்கிற வரி எப்பவுமே எட்டரை நொடி பழசு. அதுல "ஏ" இருக்கும், செக்சம் சரியா இருக்கும், இடமும் சரியான இடம். எட்டரை நொடி முன்னாடி. சர்வர் பக்கம் இதே மாதிரி இன்னொரு வரிசை இருந்தா, அது நிமிஷக் கணக்குல போகும். தீர்வு சிம்பிள்: வாசிக்கிற வேலையைத் தனியா ஓட விடணும், அது எதுக்காகவும் காத்திருக்கக் கூடாது. கடைசியா வந்ததை மட்டும் வெச்சுக்கிட்டு பழசைக் கீழ போடணும். லைவ் இடத்துக்கு வரிசை கட்டுறதுல அர்த்தமே இல்ல. முந்தாநாள் பேப்பரை முதல்ல படிச்சு முடிச்சுட்டுத்தான் இன்னைக்குப் பேப்பரைத் தொடுவேன்னு அடம் பிடிக்கிற மாதிரி.

சரி, வயசை எப்படி அளக்கிறது? வரியிலேயே மணி இருக்கே, அதை நம்ம கம்ப்யூட்டர் மணியோட கழிச்சா போச்சுன்னு தோணும். இங்கயும் கவனம். படகுல இருக்கிற அந்தச் சின்ன போர்டுல பேட்டரிக் கடிகாரம் இருக்காது. ஆன் பண்ணும்போது அது ஏதோ ஒரு பழைய தேதியில இருக்கும், இன்டர்நெட் இருந்தாத்தான் திருந்தும். ரிசீவர் பக்கமும் ஒரு பூதம் இருக்கு. ஜி.பி.எஸ். சிக்னல்ல வாரத்தை எண்ண 10 பிட்தான் ஒதுக்கியிருந்தாங்க. 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். 1980 ஜனவரி 6ல தொடங்கினது, 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவை புரண்டுச்சு, 2019 ஏப்ரல்ல ரெண்டாவது தடவை. அந்தச் சமயத்துல சில பழைய ரிசீவர்கள் ஏறக்குறைய 20 வருஷம் பின்னாடி போன தேதியைக் காட்டுச்சு. அடுத்தது 2038 நவம்பர். இடம் சரியா இருக்கும், தேதி மட்டும் போயிருக்கும். தேதியை வெச்சு வயசு பார்க்கிற புரோகிராம் அன்னைக்கு எல்லாத்தையும் குப்பையில போட்டிருக்கும்.

அதனால நான் ரெண்டு தேதியையும் வெச்சு வயசு பார்க்கிறதில்ல. கம்ப்யூட்டர் ஆன் ஆனதுல இருந்து எத்தனை நொடின்னு எண்ணுற ஒரு கடிகாரம் எல்லாச் சிஸ்டத்துலயும் உண்டு. மோனோடோனிக் கிளாக்னு பேரு. அது முன்னாடி மட்டும்தான் போகும், யார் தேதியை மாத்தினாலும் அசையாது. நம்பக்கூடிய வரி கடைசியா எப்ப வந்துச்சோ, அப்ப அந்த எண்ணைக் குறிச்சு வெச்சுக்கணும். வயசு, இப்ப மைனஸ் அப்ப. முடிஞ்சது. ஆண்ட்ராய்டு இதை நமக்காகவே செஞ்சு வெச்சிருக்கு, ஒவ்வொரு இடத்தகவலோடயும் அந்த நொடிக் கணக்கு தனியா வரும். ஆனா "கடைசியாத் தெரிஞ்ச இடம் கொடு"ன்னு கேட்கிற வசதியும் அதே ஆண்ட்ராய்டுல இருக்கு. நேத்து ராத்திரி இருந்த இடத்தைக்கூட அது சிரிச்ச முகமா கொடுக்கும். வயசு பார்க்காம அதை மேப்ல போடுறது நம்ம தப்பு.

அடுத்து அந்த நீல வட்டம். புள்ளியைச் சுத்தி வெளிர் நீலத்துல ஒரு வட்டம் வரும் பாருங்க. "நான் கண்டிப்பா இதுக்குள்ளதான் இருக்கேன்"னுதான் நாம வாசிக்கிறோம். ஆண்ட்ராய்டு கொடுக்கிற துல்லிய அளவுக்கு அர்த்தம் வேற: அந்த ஆரத்துக்குள்ள நீங்க இருக்கிறதுக்கு 68 சதவீத வாய்ப்பு. அதாவது மூணுல ஒரு தடவை நீங்க வட்டத்துக்கு வெளிய இருக்கலாம். கேப் டிரைவர் "சார் நீங்க எதிர் ரோட்டுல காட்டுது"ன்னு சொன்னா அவரைத் திட்டாதீங்க. உயரமான கட்டடத்துக்கு நடுவுல சிக்னல் நேரா வராது, கண்ணாடிச் சுவர்ல பட்டுத் திரும்பி வரும். வழி நீண்டா நேரம் நீளும், நேரம் நீண்டா தூரம் தப்பும். இடம் நடுங்குறதைப் பயணிக்குக் காட்டக் கூடாதுன்னு பல ஆப், புள்ளியைப் பக்கத்து ரோட்டுல ஒட்டி வெச்சுடும், நடுவுல வர்ற நொடிகளுக்கு காரை அனிமேஷன்ல நகர்த்தும். மேம்பாலத்துல இருக்கிற வண்டி கீழ் ரோட்டுல ஒட்டிக்கிறது இதனாலதான். நீங்க பார்க்கிற அந்த வழுக்கிட்டுப் போற கார்ல பாதி நிஜம், பாதி யூகம். பிரியாணிக்கு அது போதும். ஆம்புலன்ஸ் எதிர்பார்த்து வாசல்ல நிக்கிறவங்களுக்கு எது நிஜம், எது யூகம்னு சொல்லியாகணும்னு நான் நினைக்கிறேன்.

படகுக்கு வரேன். அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு எங்க கணக்கை மாத்தி எழுதினோம். எல்லைக்கு உள்ள தூரத்துல இருந்து ரெண்டைக் கழிச்சோம். ஒண்ணு, ரிசீவர் சொல்ற பிழை அளவு, அதையும் ஒரு மடங்கு பெருசாக்கி. ரெண்டு, தகவலோட வயசு பெருக்கல் படகோட வேகம். 7 நாட் வேகத்துல போற படகு நொடிக்கு 3.6 மீட்டர் நகரும். தகவல் 20 நொடி பழசுன்னா 72 மீட்டரைக் கழிக்கணும். அஞ்சு நிமிஷம் பழசுன்னா ஒரு கிலோமீட்டருக்கு மேல. சிக்னல் இல்லாம நேரம் போகப் போக, திரையில இருக்கிற தூரம் தானாவே குறைஞ்சுட்டு வரும். தெரியாததை ஆபத்துப் பக்கம் சேர்த்துக் கணக்குப் போடுறது.

இதுக்கு டீமுக்குள்ள எதிர்ப்பு இருந்துச்சு. "சும்மா சும்மா கத்தினா வயரைப் பிடுங்கிப் போட்டுடுவாங்க"ன்னு ஒருத்தர் சொன்னார். நியாயமான பேச்சுதான். பொய்யாக் கத்துற அலாரம், கத்தாத அலாரத்தைவிட மோசம். அதனால மூணு நிலை வெச்சோம். தகவல் புதுசுன்னா தூரம் பெரிய எழுத்துல. அஞ்சு நொடி தாண்டினா எண் மங்கும், பக்கத்துல "12 நொடி முன்" அப்படின்னு வயசு ஓடும். ஒரு நிமிஷம் தாண்டினா எண்ணையே எடுத்துடும். "இடம் தெரியவில்லை"ன்னு மட்டும் போடும், வேற சத்தத்துல ஒரே ஒரு பீப்.

அந்தக் கடைசி நிலைக்காக நான் ரொம்ப நேரம் வாதாடினேன். காலித் திரையைப் பார்த்தா பொருள் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க, பழைய எண்ணாவது இருக்கட்டுமேன்னாங்க. ஆனா கடல்ல இருக்கிறவருக்கு ஜி.பி.எஸ். மட்டும்தான் கண்ணுன்னு இல்ல. நட்சத்திரம், காத்து, நீரோட்டம், ஆழம், கரை வெளிச்சம்னு அவருக்கு வேற கண் நிறைய இருக்கு. திரை "எனக்குத் தெரியல"ன்னு ஒத்துக்கிட்டா அவர் அதையெல்லாம் பார்ப்பார். திரை தெரிஞ்ச மாதிரி நடிச்சா பார்க்க மாட்டார். டிரைவர் அண்ணன் கிட்ட ரெண்டாவது மாடலைக் காட்டினப்ப, ஆன்டெனா மேல வேணும்னே ஒரு அலுமினியப் பாத்திரத்தைக் கவுத்து வெச்சுட்டு, எண் மங்குறதையும் மறையுறதையும் ஒரு தடவை முழுசாப் பார்த்தார். அப்புறம் பாத்திரத்தை எடுத்துட்டு, திரும்ப வர எத்தனை நேரம் ஆகுதுன்னு எண்ணினார். எங்க டெஸ்ட் பிளான்ல அது இல்ல. அடுத்த நாள்ல இருந்து இருந்துச்சு.

ஒரு சின்ன விலகல். இடம் தெரிஞ்சா மட்டும் போதாதுங்கிறதுக்கு 2017 ஒக்கிப் புயல் சாட்சி. கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் கிட்ட ஜி.பி.எஸ். இருந்துச்சு, தாங்க எங்க இருக்கோம்னு தெரியும். ஆனா அவ்வளவு தொலைவுல, புயல் வருதுங்கிற தகவல் அவங்களைப் போய்ச் சேர வழி இல்ல. அதுக்குப் பிறகு 2019ல ஐதராபாத்துல இருக்கிற இந்தியக் கடல் தகவல் சேவை மையம் ஜெமினின்னு ஒரு கருவி கொண்டுவந்துச்சு. ககன் சேட்டிலைட் வழியா வர்ற எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்ல மீனவரோட போனுக்கு அனுப்பும். கேட்க மட்டும்தான் முடியும், திரும்பப் பேச முடியாது. இந்தத் திசையில சொல்ல நிறைய இருக்கு, இன்னொரு எபிசோடுக்கு வெச்சுக்கலாம்.

நீங்களே செஞ்சு பார்க்கணும்னா, ஒரு யூ.எஸ்.பி. ரிசீவர் வாங்கி மொட்டை மாடிக்குப் போங்க. லினக்ஸ்ல ஜி.பி.எஸ்.டி.ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. நான் மேல சொன்ன வகுத்தல், செக்சம் வேலையை எல்லாம் அதுவே பார்த்துட்டு, ஜேசன் வடிவத்துல சுத்தமா கொடுக்கும். அதுல "மோட்"னு ஒரு எண் வரும். 1ன்னா இடம் தெரியல, 2ன்னா உயரம் இல்லாம, 3ன்னா முழுசா. முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் மத்ததை. ஆனா ஒரு தடவையாவது அந்த மூல வரிகளை நேரா வாசிங்க. ரிசீவரைக் கையால மூடுங்க, தண்ணித் தொட்டி நிழல்ல வைங்க, ஏ எப்ப வி ஆகுதுன்னு கவனிங்க. ஒரே இடத்துல ஒரு மணி நேரம் அசையாம வெச்சு, வந்த புள்ளிகளை எல்லாம் மேப்ல போட்டுப் பாருங்க. அசையாத பொருள் எவ்வளவு நடந்திருக்குன்னு சிரிப்பு வரும். அந்த நடையை எல்லாம் கூட்டினா சில நூறு மீட்டர்கூட வரலாம். டிராஃபிக் சிக்னல்ல நிக்கிற வண்டிக்குக் கிலோமீட்டர் ஓடுற மாயம் அதுதான். வேகத்துக்குப் புள்ளிகளைக் கழிச்சுப் பார்க்காதீங்க. ரிசீவர் டாப்ளர் விளைவை வெச்சு வேகத்தைத் தனியா அளந்து அதே வரியில கொடுக்குது. அது இதைவிட எவ்வளவோ மேல்.

பிரவுசர்ல வெப் ஆப் எழுதுறவங்களுக்கும் இதே கதைதான். இடம் கேட்கும்போது "இவ்வளவு பழசு வரைக்கும் பரவாயில்ல"ன்னு ஒரு அளவு கொடுக்கலாம். வர்ற பதில்ல நேரமும் துல்லிய அளவும் இருக்கும். அந்த ரெண்டையும் வாங்கி எங்கயாவது திரையில காட்டுங்க. ரெண்டு வரி புரோகிராம்தான்.

அடுத்த எபிசோடுல ஒரு கேள்வியோட வரேன்: சிக்னலே இல்லாத மெட்ரோ சுரங்கத்துக்குள்ள உங்க போன் எப்படி இடத்தைக் கணிக்குது? மொட்டை மாடியில பிடிச்ச வரிகள் யார்கிட்டயாவது இருந்தா அனுப்பி வைங்க, அதையும் சேர்த்து வாசிக்கலாம்.